சித்தி, எண்ணிக்கை கேட்டீங்கல்ல

அன்புள்ள சித்தி,

ஸ்தோத்திரம். போன வாரம் நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ மூணு தடவ கேட்டேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துல என் பேரச் சொல்லி ஜெபிச்சாங்கன்னு சொன்னீங்க, ரொம்ப சந்தோசம். அதுக்கடுத்து "சரிட்டீ, இந்த வருசம் எத்தன பேரு ரட்சிக்கப்பட்டாங்க, ஞானஸ்நானம் எத்தன, ஒரு எண்ணிக்கை குடு, சங்கத்து அறிக்கையில போடணும்"னு கேட்டீங்க பாருங்க, அங்க எனக்குப் பேச்சு நின்னு போச்சு. தனியா பதில் போடலாம்னுதான் உக்காந்தேன், ஆனா இதே கேள்விய நம்ம சபையில பத்து பேராவது எங்கிட்ட கேட்டாச்சு, சரி எல்லாரும் படிக்கட்டும்னு இங்கயே எழுதுதேன். கோவிச்சுக்கிடாதீங்க.

மொதல்ல உண்மையச் சொல்லிருதேன். எண்ணிக்கை சைபர். நாலு வருசத்துல ஒருத்தரையும் நான் மாத்தல.

மாத்த இங்க ஆளும் இல்ல சித்தி. பப்புவா நியூகினியில நூத்துக்கு 95 பேருக்கு மேல கிறிஸ்தவங்கதான். 2025 மார்ச்சுல பார்லிமென்ட்டுலயே ஓட்டுப் போட்டு இது கிறிஸ்தவ நாடுன்னு அரசியல் சட்டத்துல சேத்துட்டாங்க. என் கிளாஸ்ல 52 பிள்ளைங்க, லூத்தரன், கத்தோலிக்கு, செவன்த் டே, பெந்தெகொஸ்தேன்னு எல்லாம் கலந்து இருக்கு, ஆனா வேதம் தெரியாத பிள்ள ஒண்ணு கிடையாது. நான் மனப்பாட வசனம் சொல்ல ஆரம்பிச்சா முடிக்கிறது அதுகதான். நான் இங்க வந்தது கிரேட் 9, கிரேட் 10க்கு கணக்கு எடுக்க. மிஷனரின்னு நீங்க சொல்லுறீங்க, விசாவுல டீச்சர்னுதான் இருக்கு.

இவங்களுக்கு சுவிசேஷம் யாரு கொண்டாந்தான்னு கேட்டா நாம டக்குனு வெள்ளக்காரன்னு சொல்லிருவோம். பாதிதான் சரி. 1875ல ஜார்ஜ் பிரவுன்னு ஒரு மெதடிஸ்ட் மிஷனரி இங்க உள்ள தீவுக்கு வந்தாரு, வரலாறுல அவரு பேருதான் பெருசா இருக்கு. ஆனா கப்பல்ல அவர்கூட வந்தவங்க ஃபிஜிக்காரங்க, சமோவாக்காரங்க, எல்லாரும் வாத்தியாருங்க. அந்த வருசம் ஃபிஜியில மணல்வாரி வந்து சனங்க கொத்துக் கொத்தா செத்துக்கிட்டிருந்த நேரம், அப்பவும் நான் போறேன்னு முன்னுக்கு வந்திருக்காங்க. 1878ல அதுல 4 பேர இங்க கொன்னுட்டாங்க. கொன்னவங்க வம்சத்துல வந்தவங்க 2007ல ஃபிஜிக்காரங்கள வரவச்சு மன்னிப்பு கேட்டாங்க, 129 வருசம் கழிச்சு. எனக்கு இத படிச்சப்ப நம்ம திருநெல்வேலிதான் ஞாபகம் வந்துச்சு. 1903ல நம்ம ஆளுகளே சேந்து இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிச்சு தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பல்லியா, நீங்க இன்னைக்கும் உலை வைக்கும்போது ஊழியத்துக்குன்னு ஒரு கைப்பிடி அரிசிய தனிப்பானையில போடுறீங்களே, அது அந்தக் கால வழக்கம்தான. வாத்தியாருங்கள யாரும் போட்டோ எடுத்து மாட்டுறதில்ல, அவ்வளவுதான்.

நூத்துக்கு 95னு சொன்னதும் இங்க எல்லாம் பரலோகம்னு நெனைச்சிராதீங்க. சங்குமான்னு ஒண்ணு இருக்கு, நம்மூர் செய்வினை மாதிரி. ஊர்ல ஒரு ஆம்பள திடீர்னு செத்துட்டா, இவதான் வச்சான்னு ஒரு பொம்பளைய கை காட்டிருவாங்க, அப்புறம் அவ கதி அதோகதி. 1971ல போட்ட ஒரு சட்டம், சூனியத்துக்குப் பயந்து கொன்னேன்னு சொன்னா தண்டனைய கொறைக்க எடம் குடுத்துச்சு, அத 2013லதான் எடுத்தாங்க. போன வருசம் என் கிளாஸ் பிள்ள ஒருத்தி மூணு வாரம் வரல, அவ அத்தைய ஊரவிட்டு தொரத்திட்டாங்க, இவ கூடப் போயிட்டா. ஞாயித்துக்கிழம பைபிள், செவ்வாக்கிழம சங்குமான்னு எனக்கு கோவமா வந்துச்சு, அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட போன்ல சொல்லி பொலம்பினேன். அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, "நம்ம கல்லறத் தோட்டத்துல சாதி பிரிச்சு நடுச் சுவரு எதுக்கு கட்டியிருக்கு?" நான் போனை வச்சிட்டேன்.

சரி, இங்க என் நாள் எப்படி போகுதுன்னு கேட்டீங்க.

நான் இருக்குறது கோரோக்கான்னு ஒரு மலையூர் பக்கம், 1,600 மீட்டர் உசரம், ஏற்காட்ட விட கொஞ்சம் ஜாஸ்தி. காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சா பனி கீழ எறங்கி பள்ளிக்கூட கூரைய மறைச்சிருக்கும், வீட்டுக்கு வீடு வெறகுப் பொக. சாப்பாடு கௌகௌ. அதாவது நம்ம சீனிக்கிழங்கேதான், நம்ம ஊர்ல சாயங்காலம் அவிச்சு திங்கிறத இவங்க மூணு வேளையும் திங்கிறாங்க. கடையில வாங்குறதுன்னா அரிசியும் டின் மீனும். ஊர்லயிருந்து கொண்டாந்த புளிய ஒளிச்சு வச்சு ஒளிச்சு வச்சு மாசத்துக்கு ரெண்டு தடவ டின் மீன்ல குழம்பு வைப்பேன், அன்னைக்கு பக்கத்து வீட்டு பிள்ளைங்க எல்லாம் என் அடுக்களையிலதான்.

உடுப்பு கதைய கேட்டா சிரிப்பீங்க. இங்க பொம்பளைங்க போடுறது மேரி ப்ளவுஸ், தொளதொளன்னு பூப்போட்டது, அந்தக் கால மிஷனரிங்க கொண்டாந்த பழக்கமாம். பாத்தா அச்சு அசல் நம்ம நைட்டி. மொத ஞாயிறு கோயிலுக்கு நான் சேலையில போறேன், சபையே நைட்டியில வந்து உக்காந்திருக்கு! இப்ப நானும் அதுலதான் போறேன், நற்கருணை எடுக்கவும் அதேதான். நீங்க பாத்தா மயங்கி விழுந்துருவீங்க.

பாடம் நடத்துறதுக்கு பெரிய எதிரி மழை. தகரக் கூரை பாத்துக்கிடுங்க, ரெண்டு மணிக்கு மழ புடிச்சா நான் கத்துறது எனக்கே கேக்காது, போர்டுல எழுதிப் போட்டுட்டு சும்மா நிக்க வேண்டியதுதான். காபி சீசன்ல, மே ஜூன் ஜூலைன்னா பாதி பெஞ்சு காலி, பழம் பறிக்கப் போயிருவாங்க, மொதல்ல திட்டிப் பாத்தேன், அப்புறம்தான் தெரிஞ்சது அந்தக் காபி வித்த காசுலதான் அதுகளுக்கு யூனிஃபார்மும் நோட்டும் வருதுன்னு. திட்டுறத விட்டுட்டேன், விட்ட பாடத்த சனிக்கிழம எடுக்குறேன், சனிக்கிழமதான் ஓய்வுநாள்னு இருக்குற செவன்த் டே பிள்ளைங்களுக்கு மட்டும் ஞாயிறு மத்தியானம். இதுதான் சித்தி என் ஊழியம், சாக்பீஸு, மழ, மார்க் லிஸ்ட்டு.

ஒரு விசயம் சொல்லணும். எங்க ஸ்டாஃப்ல ஒருத்தரு ஒக்சாப்மின்னு ஒரு பகுதியிலயிருந்து வந்தவரு. ஒரு நாள் நான் பத்தடிமான எண்கள நடத்திட்டு வாரேன், அவரு சிரிச்சுக்கிட்டே "எங்க ஊர்ல இப்படி எண்ண மாட்டோம்"னாரு. கட்டவெரலத் தொட்டாரு, அது ஒண்ணு. அப்படியே மத்த வெரலு, மணிக்கட்டு, முழங்கை, தோள், கழுத்துப் பக்கம், காது, கண்ணுன்னு மேல ஏறி மூக்குக்கு வந்தா 14. மூக்குல இருந்து அந்தப் பக்கம் கண்ணு, காது, தோளுன்னு எறங்கி அடுத்த கை சுண்டுவெரல்ல முடிஞ்சா 27. உடம்புதான் மணிச்சட்டம். மறுநாளு அவர கிளாஸுக்கே கூட்டிட்டுப் போய் நிறுத்திட்டேன், அன்னைக்கு வரைக்கும் வாயத் தொறக்காத பையன் ஒருத்தன் எந்திரிச்சு எங்க தாத்தா வேற மாதிரி எண்ணுவாருன்னு காட்டுனான். 20 வருசம் கணக்கு டீச்சரா இருந்திருக்கேன், 14க்கு மூக்குன்னு ஒரு பேரு இருக்கும்னு நெனைச்சே பாத்ததில்ல.

இந்த நாட்டுல 800 பாஷைக்கு மேல. அதனால எல்லாருக்கும் பொதுவா டோக் பிசின். பாதி இங்கிலீசு மாதிரி காதுல விழும், ஆனா உள்ளுக்குள்ள இலக்கணம் வேற. இதுல எனக்கு ஒரு லாட்டரி அடிச்சுது. நம்ம தமிழ்ல "நாம"வும் "நாங்க"ளும் வேற வேறதான? கேக்குற ஆளையும் சேத்தா நாம, சேக்கலன்னா நாங்க. டோக் பிசின்லயும் அதே, நாமக்கு யூமி, நாங்களுக்கு மிபெலா. என்கூட பாஷை படிச்ச அமெரிக்கக்காரர் ஒருத்தருக்கு இது புரியவே மாட்டேன்னுச்சு, இங்கிலீசுல ரெண்டும் ஒண்ணுதான. ஒரு நாள் ஜெபத்துல உருகி உருகி "ஆண்டவரே, நாம பாவம் செஞ்சோம், நம்மள மன்னியும்"னு யூமி போட்டு ஜெபிச்சுட்டாரு. ஆண்டவரையும் சேத்து பாவியாக்கிட்டாரு மனுசன்! முன்வரிசை கெழவிங்க தல குனிஞ்சுக்கிட்டே குலுங்குறாங்க, ஆமென் சொல்ல ஆள் இல்ல.

பரமண்டல ஜெபம் இங்க "பாப்பா பிலோங் மிபெலா". எங்கள் பிதாவேன்னு அர்த்தம். நம்ம வேதாகமத்துலயும் "எங்கள் பிதாவே"தான், "நம்ம பிதாவே"ன்னு இல்ல. அம்பது வருசமா சொல்லுதோம், ஏன்னு நான் யோசிச்சதே இல்ல. இங்க வந்து அடுத்தவன் பாஷையில சொன்ன அன்னைக்குத்தான் நம்ம ஜெபம் எனக்கு காதுல விழுந்துச்சு.

இதெல்லாம் விசுவாசமா, இலக்கணமான்னு கேக்காதீங்க. ஒளிக்காம சொல்லுறேன், மொத வருசம் எனக்கு ஜெபமே வரல. வேதத்த தொறந்து வச்சுக்கிட்டு நாளைக்கு நடத்த வேண்டிய பாடத்த யோசிச்சுக்கிட்டிருப்பேன். சங்கத்துக்கு அனுப்புன கடிதத்துல மட்டும் "கர்த்தர் வல்லமையாய் நடத்துகிறார்"னு எழுதினேன், நீங்க அத சத்தமா வாசிச்சீங்கன்னு கேட்டப்ப கூசிப்போச்சு.

அப்புறம் அப்பா போனாங்க.

நீங்க போன் பண்ணும்போது அங்க ராத்திரி பன்னெண்டு, இங்க விடியகாலம் நாலரை. கோரோக்காவுலயிருந்து தலைநகரம் போர்ட் மோர்ஸ்பிக்கு ரோடே கிடையாது, பிளேன்தான். ரெண்டு நாளு மேகம் மூடிக்கெடந்து பிளேன் எறங்கல. அப்படியே எறங்கியிருந்தாலும் மோர்ஸ்பி, சிங்கப்பூரு, சென்னை, அதுக்கப்புறம் நம்ம ஊரு, எப்படியும் அடக்கத்துக்கு வந்திருக்க மாட்டேன். நீங்கதான் போனை புடிச்சுக்கிட்டு நின்னீங்க. உங்க கை நடுங்குனது எனக்கு ஸ்க்ரீன்ல தெரிஞ்சுது சித்தி. உங்க அத்தான் முகத்த ஒரு தடவ காட்டுனீங்க, பெட்டி மூடப் போறாங்கன்னு யாரோ சொல்லுறது கேட்டுச்சு, அப்ப நெட்வொர்க் நின்னு போச்சு, மூடி பாதியில அப்படியே ஸ்க்ரீன்ல நிக்குது. இங்க ராத்திரி எட்டரை. நான் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், அழுகை வரல.

வெளிய சத்தம் கேட்டு கதவத் தொறந்தா என் வீட்டு முன்னால தார்ப்பாய் கட்டிக்கிட்டிருக்காங்க. பக்கத்து வீட்டு ஹோம் சயன்ஸ் டீச்சர்தான் ஊருக்கே சொல்லியிருக்காங்க. இங்க ஹவுஸ் க்ராய்னு சொல்லுவாங்க, அழுகை வீடு. சாவு இந்த ஊர்லயே இல்லன்னாலும், சொந்தக்காரன் இங்க இருந்தா இங்கயும் ஒக்காரணும்னு சொன்னாங்க. நெருப்பு மூட்டி, பாய விரிச்சு, பொம்பளைங்க வந்து என்னச் சுத்தி உக்காந்து கழுத்தக் கட்டிக்கிட்டு ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. ராகம் கூட நம்ம ராகத்துக்கு ரொம்ப தூரமில்ல. அவங்க பாஷையில அழுதது எனக்கு ஒண்ணும் புரியல. அதுல ஒரு கெழவி, காய்கறி மார்க்கெட்ல எனக்கு கௌகௌ விக்கிறவங்க, எனக்குப் புரியணும்னே டோக் பிசின்ல சொல்லி அழுதாங்க. "பாப்பா பிலோங் யூமி." மிபெலா இல்ல சித்தி, யூமி. நம்ம அப்பா போயிட்டாரேன்னு. எங்க அப்பாவ அவங்க பாத்ததே கிடையாது.

அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு.

மூணு ராத்திரி உக்காந்திருந்தாங்க. பள்ளிக்கூடத்துக்கு லீவு விடல, பகல்ல போய் பாடம் எடுத்துட்டு ராத்திரி வந்து உக்காருவாங்க. என்னோட ஜெபம் அந்த மூணு நாள்ல எப்ப திரும்பி வந்துச்சுன்னு எனக்கே தெரியாது, யாரோ பாட்டு ஆரம்பிக்க நானும் கூடப் பாடிக்கிட்டிருந்தேன்.

வந்தவங்க கொண்டாந்தத எல்லாம் ஒருத்தரு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தாரு, நம்ம மொய் நோட்டு மாதிரியே, அடுத்து அவங்க வீட்ல ஒண்ணு நடந்தா நான் திருப்பிச் செய்யணும்ல. அது முடிஞ்சதும் எங்கிட்டயே குடுத்துட்டாங்க, இப்ப மேசையிலதான் இருக்கு. மொதப் பக்கத்துல முத வரி, சேவல் ஒண்ணு, கொண்டாந்தவன் கிரேட் 9 பி பையன், கணக்குல எப்பவும் ஃபெயிலு. அதுக்கடுத்து கௌகௌ ஒரு மூட்ட. அரிசி 10 கிலோ. டின் மீன் 6. வாழத்தாரு ரெண்டு. பத்து கினா நோட்டு ஒண்ணு (கினாதான் இங்கத்த பணம்), மழையில நனைஞ்சதுன்னு பக்கத்துல குறிச்சிருக்கு.

அதுல மொத்தம் 143 பேரு. அறிக்கைக்கு எண்ணிக்கை வேணும்னா அத போட்டுக்கிடுங்க. சேவலையும் சேத்து எழுதுங்க.

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீந்திருக்கும், வாங்கிக் குடுத்துருங்க. இங்க கரண்ட்டு போயிட்டு, இன்னும் 60 பேப்பர் திருத்தணும்.

இப்படிக்கு,
உங்க அக்கா மக