கமரா கற்றுத் தந்த கல்லடித் தம்பிக்கு நன்றி

நெடுங்காலம் பிலிம் கமராவில் படம்பிடித்துப் பழகிய எனக்கு டிஜிட்டல் எஸ்எல்ஆர் கமராவைப் பொறுமையோடு கற்றுத் தந்த மட்டக்களப்பின் கல்லடியைச் சேர்ந்த தம்பி, தம் பெயர் வேண்டாமெனக் கேட்டுக்கொண்டதால், பெயர் குறிப்பிடாமலே இந்த நன்றியைப் பதிவுசெய்கிறேன்.

ஷட்டர் வேகம் போன்ற, எனக்கு ஏற்கெனவே பழகிய விடயங்களில் அவர் நேரத்தைச் செலவிடவில்லை. கலர் நெகட்டிவ் பிலிம் சற்றுக் கூடுதலான ஒளியைத் தாங்கிக்கொள்ளும் என்பதையும், டிஜிட்டல் கமராவில் ஒளியைப் பதியும் உணரியிலோ முற்றாக வெளுத்துப்போன பகுதியிலிருந்து எதையும் மீட்க இயலாது என்பதையும் முதலில் விளக்கினார். பிறகு, 1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தருகே காலை வெயிலில் என்னை நிறுத்தி, வாவி நீரின் மினுக்கத்தால் படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம், வெளிச்சப் பக்கமான வலது ஓரத்தில் முட்டி நிற்பதைக் காட்டி, ஒளியை ஒரு படி குறைத்து எடுக்கச் செய்து, இருண்டுபோன இரும்புச் சட்டங்களை உணரி பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பிலிருந்து கணினியில் துலக்கிக் காட்டினார். சுருளில் 36 படங்களும் முடியும்வரை ஒரே ஐஎஸ்ஓவுக்கு, அதாவது ஒரே ஒளியுணர்திறன் அளவுக்கு, கட்டுப்பட்டிருந்த எனக்கு, அதைப் படத்துக்குப் படம் மாற்றலாம் என்பதே பெரும் விடுதலையாக இருந்தது.

என் பழைய 50 மில்லிமீற்றர் நிக்கோன் லென்ஸை வீசிவிடச் சொல்லாததற்குத் தனி நன்றி. நிக்கோன் டி7200 டிஜிட்டல் கமராவில் அதன் விபரங்களைப் பதிந்தால் ஒளியளவி இயங்குமென்றும், உணரி பிலிம் படத்தைவிடச் சிறியதாகையால் பார்வைக்கோணம் 75 மில்லிமீற்றருக்கு ஒப்பாகக் குறுகுமென்றும் செய்துகாட்டினார். ஒவ்வொரு படத்தையும் உடனே திரையில் பார்க்கவேண்டும் என்பதில் மட்டும் அவரோடு எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

ஞாயிறு காலைகளை விட்டுத்தந்த அவருடைய குடும்பத்தினருக்கும் என் நன்றி உரியது.