பெரியப்பாவின் குதிகால்

அன்புள்ள சரவணா,

நீ அனுப்பிய பணம் வந்தது. அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. மூன்று ஞாயிறாக நீ பேசவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது.

பொங்கலுக்கு வந்தபோது நீ கழற்றிப் போட்ட சட்டையை அம்மா துவைக்க எடுத்தாள். சிகரெட் வாடை. "ரயிலில் பக்கத்தில் யாரோ பிடித்திருப்பார்கள்" என்றாள். நானும் ஆமாம் என்றேன். உன்னையே பெட்டிக்கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொன்னவன் நான். எந்த வாயால் கேட்பேன்?

ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள். அதற்குத்தான் எழுதுகிறேன்.

பெரியப்பாவின் குதிகால் தசைநாரில் இருந்த தடிப்பு நினைவிருக்கிறதா? செருப்பு உரசிய காய்ப்பு என்றே 43 வயதில் அவர் போகும்வரை நினைத்திருந்தோம். அது கொழுப்பு படிந்த தடிப்பு. கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் திறன் நம் வீட்டு ஈரலுக்குப் பிறவியிலேயே குறைவு. எண்ணெயைக் குறைத்தால் மட்டும் சரியாகாது. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. புகை ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. கெட்ட கொழுப்பு அங்கே படிகிறது. நல்ல கொழுப்பும் குறைகிறது. பெரியப்பாவிடம் பிறவிக் குறை, புகை இரண்டும் இருந்தன. புகையை விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே நல்ல கொழுப்பு ஏறத் தொடங்குமாம்.

யார் துணையும் இல்லாமல் புனே போய், மராத்தியும் கற்று, நல்ல வேலையில் நிற்கிறாய். நம் தெருவில் நான் இதைச் சொல்லாத ஆளில்லை. அப்படிப்பட்டவனுக்கு ரத்தம் கொடுக்க ஒரு காலை நேரம் கிடைக்காதா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2011இல் எனக்கு எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 248 இருந்தது. "பிள்ளைகளுக்கும் பார்த்துவிடுங்கள்" என்றார் டாக்டர். அப்போது அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பரம்பரை நோய் என்ற பேச்சு வெளியே போய்விடுமோ என்று பயந்து, ரிப்போர்ட்டை பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். வாயுவுக்கு என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு இன்றுவரை மாத்திரை சாப்பிடுகிறேன். என்னைக் காப்பாற்றிக்கொண்டேன், உங்கள் இருவரையும் விட்டுவிட்டேன். அப்போது உனக்கு 17 வயது. அன்றே பார்த்திருந்தால் இத்தனை வருடம் வீணாகியிருக்காது.

அக்காவுக்கு நேற்றுதான் சொன்னேன். ஒரு வார்த்தையும் பேசாமல் போனை வைத்துவிட்டாள்.

ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் டாக்டரிடம் காட்டு. பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. எண் எதுவானாலும் எழுது. அந்த மாத்திரை எதற்கு என்று இன்று இரவு அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன்.

அப்பா