கொலம்போ: எந்த வரிசையில் பார்ப்பது?

வணக்கம் உறுப்பினர்களே. பீட்டர் ஃபாக் துப்பறிவாளராக நடித்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் கொலம்போ 1978-இல் என்பிசி சேனலில் நின்றுபோய், 1989-இல் ஏபிசி சேனலில் திரும்ப வந்து 2003 வரை ஓடியது. சோதனை முயற்சியாக முதலில் வந்த பைலட் படங்கள் இரண்டையும் சேர்த்துப் பழைய கதைகள் 45, புதியவை 24. புதியவற்றின் சீசன் எண் இடத்துக்கு இடம் மாறும். ஒளிபரப்பான ஆண்டை வைத்தே தேடுங்கள்.

புதியதில் நேராகக் குதிக்க வேண்டாம். கொலையாளியை முதலிலேயே காட்டிவிடும் தொடர் இது. கசங்கிய மழைக்கோட்டோடு கதவுவரை போன கொலம்போ, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று திரும்புவாரே, அந்தக் கணத்தின் அழுத்தம் பழையவற்றில்தான் பிடிபடும். ஐந்தாறாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

1992, 1994-இல் எட் மெக்பெய்ன் நாவல்களிலிருந்து எடுத்த இரண்டையும் கடைசிக்கு வையுங்கள். வழக்கமான அமைப்பு அவற்றில் இல்லை. படம் 4:3 அளவு. டிவியில் ஜூமை அணைக்காவிட்டால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, மேசைமேல் கிடக்கும் துப்பே காணாமல் போகும்.