கட்டுரையைக் காசு கொடுத்து வாங்கியவள் எழுதும் மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. இரண்டு பத்தி படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். எம்.எஸ்சி. மாணவர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டால்தான் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, என்ற விதியைப் பற்றித்தான் பேசுகிறேன்; விளக்கத் தேவையில்லை, எழுதியவர்களே நீங்கள்தான்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, வைவாவுக்கு முன்னால் துறை அலுவலகத்தில் பெயர் வாசித்தார்கள். கட்டுரை வெளியானதற்கோ ஏற்கப்பட்டதற்கோ கடிதம் இல்லாதவர்கள் ஓரமாக நிற்கவேண்டுமாம். ஒன்பது பேர் ஒதுங்கினார்கள். அதில் என் தோழியும் ஒருத்தி. பொன்னேரியிலிருந்து வருகிறவள், நான் எண்ணூரில் ஏறிக்கொள்வேன். இரண்டு வருஷமாக ஒரே ரயில், ஒரே பெட்டி. பைண்டிங் செய்த பிராஜெக்ட் அறிக்கை, கைடு கையெழுத்தோடு அவள் மடியில் இருந்தது. "அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம்மா, போய்ட்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள். நான் உள்ளே போனேன். இருபது நிமிஷத்தில் வெளியே வந்தேன். பாஸ்.

எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் 1,800 ரூபாய். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இருவரும் செய்தது கிட்டத்தட்ட ஒரே வேலை. சாலிசிலால்டிஹைடு என்ற வேதிப்பொருளிலிருந்து ஷிஃப் காரம் என்ற ஒரு சேர்மம், அதை உலோகத்தோடு பிணைத்து ஒரு காம்ப்ளெக்ஸ். எனக்குத் தாமிரம், அவளுக்குத் துத்தநாகம். ஜனவரியில் தொடங்கினோம். துறையில் சாலிசிலால்டிஹைடு தீர்ந்துபோய், பாரிமுனைப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி நாங்களே வாங்கி வந்தோம். எனக்குப் பச்சையாக ஒரு பொடி வந்தது, அத்தோடு திருப்தி அடைந்துவிட்டேன். அவளுக்குப் படிகம் வேண்டும். பீக்கரின் வாயில் பாராஃபிலிம் ஒட்டி, குண்டூசியால் நாலு துளை போட்டு, யாரும் தட்டாத மூலையாகப் பார்த்து வைத்துவிட்டுப் பிப்ரவரி முழுக்கக் காத்திருந்தாள். இரண்டு முறை வெறும் தூள்தான் வந்தது. மூன்றாவது முறை மஞ்சளாக, ஊசி ஊசியாக வந்தது. அன்றைக்கு ரயிலில் அவள் பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருக்கவேண்டும்.

மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கிராஃப் எடுக்க ஐ.ஐ.டி.க்கு சாம்பிள் கொண்டுபோனதும் அவள்தான். சின்னக் குப்பியைப் பஞ்சில் சுற்றி, டிபன் டப்பாவுக்குள் வைத்து எடுத்துப் போனாள். கட்டணம் அவள் அம்மாவின் மகளிர் குழுத் தவணைக்கு வைத்திருந்த பணம். கிராஃப் வந்தபோது எட்டரைக்குப் பக்கத்தில், ஷிஃப் காரத்துக்கு அடையாளமான அந்த ஒற்றைப் புரோட்டான் சிக்னல் பளிச்சென்று நின்றது. ஏப்ரல் தொடக்கத்தில் கட்டுரையை எழுதி, ஒழுங்காக ரிவ்யூ செய்கிற ஒரு இதழுக்கு அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை காலை ரயிலில்கூடப் போனைத் திறந்து பார்த்தாள். இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்றுதான் காட்டியது.

ஐயா, அம்மா, ஜனவரியில் வேலை தொடங்கி ஏப்ரலில் எழுதி முடிக்கிற பிள்ளைக்கு மே மாதம் ஏற்புக் கடிதம் எந்த நல்ல இதழில் கிடைக்கும்? நீங்களும் கட்டுரை அனுப்புகிறவர்கள்தானே, உங்களுக்கு எத்தனை மாதம் ஆகிறது?

என் கட்டுரையின் கதைக்கு வருகிறேன். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு எண் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழ் இலவசம். வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அனுப்பினேன். சனிக்கிழமை காலை தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. இரண்டு ரிவ்யூவர்கள் படித்தார்களாம். ஒருவர் "குட் வொர்க்" என்றார். இன்னொருவர் "வெரி குட் வொர்க்" என்றார். 1,800 ரூபாயை ஜிபே செய்தேன். சாயங்காலத்துக்குள் நான் ஆராய்ச்சியாளர்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவசரத்தில், உலோகம் சேர்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு ஐ.ஆர். (அகச்சிவப்பு) கிராஃபையும் மாற்றி ஒட்டியிருக்கிறேன். உலோகத்தோடு சேர்ந்த பிறகு மறையவேண்டிய ஃபீனாலிக் ஓ.எச். பட்டை, என் கட்டுரையில் சேர்ந்த பிறகு முளைத்திருக்கிறது. பி.எஸ்சி. படிக்கிற பிள்ளையே "இது எப்படிக்கா?" என்று கேட்டுவிடும். இரண்டு ரிவ்யூவர்கள் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை உங்கள் மேசையில் அந்தக் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தியவரும் கேட்கவில்லை. அவருக்குக் கடிதம் போதும்.

அந்த மேசையில் இன்னொரு வேடிக்கை. சரிபார்ப்புப் படிவத்தில் "என்.எம்.ஆர். இணைக்கப்பட்டுள்ளதா?" என்று ஒரு கட்டம். என்னுடையது தாமிரம்(II), ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரான் உண்டு, அதனால் பாராமேக்னடிக், என்.எம்.ஆர். சிக்னல் அகன்று போய்விடும், எடுத்துப் பயனில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஆமா இல்ல ரெண்டுல ஒண்ணு டிக் பண்ணும்மா என்றார்கள். ஆமாம் என்று டிக் செய்தேன். எம்.எஸ்சி. வேதியியலில் கடைசியாக நான் சொன்ன பொய் அது. முதல் பொய் 1,800 ரூபாய்.

இந்த விதிக்கு மேலிடத்து உத்தரவு என்று காரணம் சொல்கிறீர்கள். எந்த மேலிடம்? பிஎச்.டி. மாணவர்களே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளில் எடுத்துவிட்டது. ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்கிறவருக்கு வேண்டாம் என்றதை ஐந்து மாதம் பிராஜெக்ட் செய்கிறவளிடம் கேட்கிறீர்கள். விதியின் அடுத்த வரி இன்னும் அழகு: இதழ், தரமான இதழ்களுக்கென்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலில் இருக்கவேண்டுமாம். அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திப்போட்ட பட்டியலில் இதழைத் தேடிக் கட்டுரை போட்டவளுக்குத்தான் இங்கே பட்டம்.

எங்கள் கட்டுரைகளில் கல்லூரியின் பெயர் இருக்கும், கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வரும்போது எண்ணிக்கை ஏறும், தேசியத் தரவரிசைக்கான என்.ஐ.ஆர்.எஃப். படிவத்தில் ஒரு கட்டம் நிரம்பும். புரிகிறது. ஆனால் அந்த எண்ணிக்கைக்கு ஆன செலவில் பாதியாவது ஆய்வகத்தில் நச்சுப்புகையை வெளியேற்றும் ஃபியூம் ஹூடின் மின்விசிறிக்குப் போயிருக்கலாம். முதலாமாண்டு உப்புப் பகுப்பாய்வு நாட்களில் தலைமுடியில் ஹைட்ரஜன் சல்பைடு நாற்றத்தோடு நாங்கள் ஏறினால் பெட்டியில் இடம் தானாகக் கிடைக்கும். மீன் கூடைக்காரம்மாவே மூக்கைப் பொத்திக்கொள்வார். ஆய்வகத்தில் வாட்டர் பாத் நான்கு இருக்கிறது, வேலை செய்வது ஒன்று. லைப்ரரியில் ஸ்பெக்ட்ராஸ்கோபி புத்தகம் கேட்டால்...

மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்று, கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது.

கேட்க வந்தது இதுதான்: கட்டுரை வெளியீட்டை வைவாவுக்கான நிபந்தனையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிராஜெக்ட் அறிக்கையைப் படியுங்கள், வைவாவில் எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள், லேப் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், தேறாதவரைத் தேறவில்லை என்று சொல்லுங்கள். நல்ல இதழில் போட்டவருக்கு இன்டர்னலில் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டோம். கட்டாயம் என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இந்த ஒன்பது பேருக்கு இம்மாத முடிவுக்குள் தனியாக ஒரு வைவா வைக்கவேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என் தோழி இந்த வருஷமே பி.எட். சேர்ந்து, பள்ளியில் முதுநிலை ஆசிரியராக வேண்டும் என்று இருக்கிறாள். புரொவிஷனல் சான்றிதழ் கையில் இல்லாமல் எந்த கல்லூரியிலும் சீட் தரமாட்டார்கள். அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது சொல்ல எளிது, அவள் வீட்டில் அதற்கு ஒரு வருஷ வருமானம் என்று அர்த்தம்.

என் பட்டத்தை ரத்து செய்வதானால் செய்யுங்கள், அதற்குத் தயாராகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் படிகம் வளர்த்தவளை வெளியே நிறுத்திவிட்டு என்னை உள்ளே விட்ட அந்த விதியை எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு மாணவி ஒருத்தி,
சென்னை

பி.கு.: கிராஃப் மாறிப்போனதைத் திருத்தச் சொல்லி அந்த இதழுக்கு எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. திருத்தத்துக்கு 500 ரூபாயாம். ஜிபே எண் அதே எண்தான்.