எழும்பூர் மணலும் உங்கள் ஊர்ப் பள்ளியும்

அன்புள்ள வாணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. குறைந்ததும் மறுபடி மாடி ஏற ஆரம்பித்துவிட்டார்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்காட்லாந்தில் உங்கள் செயின்ட் ஆண்ட்ரூஸில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று பலகை, அதன் முன்னால் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு நம் கவின். “நம்ம ஊர் பேர்ல இங்க எப்படிம்மா ஸ்கூல்?” என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் அடங்காது, அதனால்தான் பேனா எடுத்தேன்.

அந்தப் பெயருக்குக் காரணம் ஆண்ட்ரூ பெல் என்பவர். உங்கள் ஊர்க்காரர், 1753-ல் அங்கேயே பிறந்தவர். 1787-ல் மெட்ராஸ் வந்து, 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியைப் பொறுப்பேற்றார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இங்கே பிறந்த பையன்களுக்கான விடுதி அது. எழும்பூர் பழைய கோட்டைக்குள் இருந்தது. நீ ஒவ்வொரு லீவுக்கும் திருச்சிக்கு ரயில் ஏறுவாயே, அந்த ஸ்டேஷன் நிற்கிற மண்தான்.

ஒரு நாள் காலை பெல் குதிரையில் போகிறார். வழியில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுகிறார்கள். ‘மலபார் பள்ளி’ என்று அதைச் சொன்னார். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்களுக்குத் தமிழும் மலபார்தான். திரும்பி வந்ததும் நம் விடுதியிலும் மணலைப் பரப்புங்கள் என்றார். சம்பளத்துக்கு இருந்த வாத்தியார்கள் முகம் சுளித்தார்கள். உடனே, ஜான் பிரிஸ்கன் என்ற சிப்பாய் மகனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை அவனிடம் கொடுத்துவிட்டார். அவனுக்கு அப்போது சுமார் 8 வயது. வாத்தியார்கள் முடியாது என்றதை அவன் செய்து காட்டினான். அப்புறம் வகுப்புக்கு வகுப்பு பையன்களே பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பானே, அதேதான். மணலை எங்கே பார்த்தேன் என்று பெல் ஒளிக்காமல் எழுதினார். பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பதை மட்டும் தன் கண்டுபிடிப்பு என்றார். குதிரைமேல் இருந்தவருக்கு மணல் தெரிந்தது, மணலுக்குப் பக்கத்தில் கம்போடு நின்றவன் தெரியவில்லையா? இது என் சந்தேகம், கவினிடம் இதைச் சரித்திரமாகச் சொல்லிவைக்காதே.

1796-ல் ஊர் திரும்பி, 1797-ல் லண்டனில் அறிக்கையை அச்சிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் நிலைத்தது. ஏழைப் பிள்ளைகள் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு எழுத்து சொல்லலாம் என்றால் யார் விடுவார்கள்? 1811-ல் அதற்கென்றே சங்கம் வைத்து இங்கிலாந்து முழுக்கப் பள்ளி திறந்தார்கள். தன் சொத்தில் பெரும்பங்கைப் பெல் ஸ்காட்லாந்துப் படிப்புக்கு எழுதிவைத்தார். உங்கள் பள்ளி 1833-ல் திறந்தது அந்தப் பணத்தில்தான். இப்போது அது வேறு கட்டடம் என்று மாப்பிள்ளை சொன்னார்.

அவரோடு போட்டி போட்ட லங்காஸ்டர் லண்டனில் இதே மாதிரிப் பள்ளி நடத்தினார். அடிக்கமாட்டார். பையன் கழுத்தில் மரக்கட்டையை மாட்டுவார், கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவார். நம் திண்ணைப் பள்ளியில் கயிற்றில் தொங்கவிடுவார்களே, அந்தக் கோதண்டத்துக்குத் தம்பி! பெல்லின் விடுதியில் கறுப்புப் புத்தகம் ஒன்று. யார் தப்புச் செய்தாலும் அதில் ஏறும். வாரம் ஒரு நாள் பையன்களே கூடித் தண்டனை சொல்வார்கள்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. ஐந்தாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில் இருந்த வருஷம் நானும் ஒருத்தியைச் சட்டாம்பிள்ளை ஆக்கினேன். நன்றாகப் படிக்கிற பெண். வாய்ப்பாடு ஒப்பிக்காத பையனின் காதை அவள் திருகியதில் தோடு குத்தி ரத்தம் வந்துவிட்டது. அவளைத் திட்டினேன். 10 வயதுப் பிள்ளையிடம் என் வேலையைக் கொடுத்தது நான்தானே என்று அன்று ராத்திரிதான் உறைத்தது. பிரிஸ்கன் 12 வயதில் பெரிய வாத்தியார்; அவனுக்கு 7, 9, 11 வயதில் உதவியாளர்கள். அவர்கள் எப்போது விளையாடினார்கள்?

அநாதை என்று பெயரே தவிர, பலருக்கு அம்மா உயிரோடு இருந்தாள். இந்த ஊர்ப் பெண்கள். அந்தத் தாய்களின் பழக்கம் பிள்ளைகளுக்கு ஒட்டக்கூடாது என்பதுதான் விடுதியின் நோக்கங்களில் ஒன்று. பெல்லே அந்த மனசோடுதான் எழுதினார். பிரிஸ்கன் கதையைச் சொல்கிறவர்கள் அப்பா சிப்பாய் என்று மறக்காமல் சொல்கிறார்கள், அம்மாவிடம் நிற்பதில்லை. அவள் மகனிடம் என்ன பாஷையில் பேசியிருப்பாள்? தமிழில் பேசியிருந்தால், அவன் மணலில் முதலில் போட்டது அவளுக்குத் தெரியாத எழுத்து.

படித்து வெளியே வந்தவர்களுக்கும் கதவு பாதிதான் திறந்தது. 17 வயது வில்லியம் ஸ்மித், திப்பு சுல்தான் முன்னால் விஞ்ஞானச் சோதனைகள் செய்து காட்டிய பையன், இந்த விடுதிக்காரன். 1794-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் சர்வே பள்ளி தொடங்கியபோது அதற்குப் பையன்கள் இங்கிருந்துதான் போனார்கள். கிண்டி இன்ஜினீயரிங் காலேஜின் வேர் அது. ஆனால் 1795-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவனைப் பட்டாளத்தில் சிப்பாயாகவும் சேர்க்காதே, தாரை தம்பட்டம் வாசிக்கவும் குதிரைக்கு லாடம் அடிக்கவும் மட்டும் வைத்துக்கொள் என்றது. சிப்பாய் மகன்களுக்கு அப்பா வேலை கிடையாது என்று ஆயிற்று. பெற்றவளைப் பார்த்துத்தானே அந்தக் கதவைச் சாத்தினார்கள்.

1870-களின் தொடக்கத்தில் விடுதிப் பையன்களை ஊட்டிப் பக்கம் லவ்டேலுக்கு, 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் விடுதிக்கு, மாற்றிவிட்டார்கள். எழும்பூரில் ரயில் வந்தது.

போன வாரம் சித்தியை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வண்டி முக்கால் மணி நேரம் லேட். பெஞ்சில் ஒரு அம்மா ஹாஸ்டலுக்குப் போகிற பையனின் பெட்டியைத் திறந்து, மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன்னை முதல் தடவை அனுப்பியபோது நானும் அதைத்தான் செய்தேன்.

பள்ளியில் பெல் படம் மாட்டியிருந்தால் கவினை எடுத்து அனுப்பச் சொல். பிரிஸ்கன் பெயர் எங்காவது இருக்கிறதா என்றும் தேடட்டும். தேன்குழலும் பருப்புப் பொடியும் திங்கட்கிழமை பார்சல் போடுகிறேன். பொடி உனக்கு, அவனுக்கு அது காரம்.

அன்புடன்,
அம்மா