மாமாவுக்கு, கூலிக் கணக்கு விஷயமாக

மாமா,

அம்மாவின் வருஷ திதி அன்றைக்கே இதைச் சொல்லத்தான் ஊருக்கு வந்தேன். பந்தியில் நீங்களே நின்று எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தீர்கள். என் இலைக்கு இரண்டாவது வடையை வைத்துவிட்டு, "அக்கா இருந்தா உன்னை இப்படி இளைக்க விட்டிருக்காது" என்றீர்கள். அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்கும் பெண்கள், கூலி குறைவு என்று தொழிலாளர் துறையில் கொடுத்திருக்கும் மனுவில் நான் அவர்கள் பக்கம் சாட்சி சொல்லப் போகிறேன்.

இதைச் சொந்தக்காரர்களும் படிப்பார்கள். அதனால் ஊர், கம்பெனிப் பெயர் எதுவும் எழுதவில்லை. பேங்க் கடன் பற்றி எனக்குத் தெரிந்தது என்னோடு இருக்கும். கூலி நோட்டு மட்டும்தான் என் பேச்சு.

அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்குமா? எடை போடும் நேரம். அம்மா தன் தட்டைத் தராசில் வைத்தார். நீங்கள் விரலால் கிளறி, உடைந்த பருப்பை ஓரமாக ஒதுக்கினீர்கள். "உடைசல் ஜாஸ்தியா இருக்குக்கா." நோட்டில் கழித்து எழுதினீர்கள். பின்னால் வரிசையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அக்காவுக்கு ஒரு கணக்கு, ஊராருக்கு ஒரு கணக்கு என்று பேச்சு வரக்கூடாது என்று நினைத்திருப்பீர்கள். அம்மா சாம்பல் அப்பிய கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் காசை வாங்கினார். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு நுனி விரல்கள் கருத்து, தோல் உரிந்து, ரேகையே போயிருந்தது. ரேஷன் கடை மிஷினில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார், ஏற்காது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து என் காலேஜ் பீஸைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். பாண்டிச்சேரியில் நான் பி.காம். படித்தது உங்கள் பணத்தில்தான். யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மாமா, அம்மாவுக்கு உழைப்புக்கேற்ற கூலி வந்திருந்தால் அந்தப் பணத்தை அவரே கட்டியிருப்பார். உங்களுக்கு நன்றி சொல்லிச் சொல்லியே அவர் காலம் போயிருக்காது.

"நான் ஒருத்தன் ஏத்திக் குடுத்தா நாளைக்கே ஷட்டரை இறக்கணும்" என்பீர்கள். அது பொய்யில்லை. கேரளத்தில் கூலி ஏறியபோது கொல்லத்து முதலாளிகள் பலர் கொட்டையை லாரியில் ஏற்றித் தமிழ்நாட்டில் உடைக்கக் கொடுத்தார்கள். இங்கே ஏறினால் இன்னொரு மாநிலத்துக்குப் போகும். நாடு முழுக்க ஒரே அடிமட்டக் கூலி வேண்டும் என்பதற்கு உங்கள் வாதத்தைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. பாண்டிச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று மில் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் எட்டு மணி நேர வேலை வந்தது. எந்த முதலாளியும் மனமிரங்கிக் கொடுத்ததில்லை. எல்லோருக்கும் பொதுச் சட்டமாக வந்ததால் அடுத்த மில்லைக் காட்டித் தப்பிக்க வழியில்லாமல் போனது.

2017இல் மத்திய அரசு சொன்ன தேசிய அடிமட்டக் கூலி ஒரு நாளுக்கு 176 ரூபாய். அதுவும் வெறும் அறிவுரை. கொடுக்காதவரை அன்றைக்குச் சட்டம் கேட்கவில்லை. அரசே அமைத்த அனூப் சத்பதி குழு, 2018 ஜூலை விலைவாசியில் கணக்குப் போட்டு 375 ரூபாய் வேண்டும் என்று 2019இல் அறிக்கை கொடுத்தது. நம் ஊர் வாடகையும் சென்னை வாடகையும் ஒன்றா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் நகரத்து வாடகைக்கென்று 55 ரூபாய் வரை தனியாக வைத்தார்கள். பிள்ளையின் பசிக்கு ஊர் வித்தியாசம் கிடையாது.

1957இலிருந்து இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது தெரியுமா? ஒரு குடும்பத்தின் தேவையில் கணவன் பங்கு 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு 0.6. மொத்தம் மூன்று பங்கு. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அந்த 0.8தான் எங்களையெல்லாம் காப்பாற்றியது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சத்பதி குழு மூன்றை 3.6 ஆக உயர்த்தச் சொன்னது.

கூலிச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. மத்திய அரசு வைக்கும் அடிமட்டக் கூலிக்குக் கீழே எந்த மாநிலமும் இனி போக முடியாது. ஆனால் பகுதிக்குப் பகுதி வேறு தொகை வைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்படி வைத்தால் மறுபடி லாரி கிளம்பும். கிலோ கணக்கில் உடைப்பவர்களும் நாள் கூலிக்குக் குறைவாக வாங்கக்கூடாது என்பது 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே இருந்தது. நீங்கள் கொடுத்தது அதற்குக் குறைவு. லீவு நாட்களில் அந்த நோட்டை எழுதியவள் நான்.

உங்களைச் சங்கடப்படுத்துவதற்கு மன்னித்துவிடுங்கள். சாட்சி சொல்வதை மட்டும் நிறுத்த மாட்டேன். உங்களைவிட மோசமாகக் கொடுப்பவர்கள் நம் ரோட்டிலேயே இருக்கிறார்கள், அவர்கள் மேல் மனு இல்லை என்பதும் எனக்கு வலிக்கிறது. அம்மாவோடு பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தவர்கள் இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள். வரமாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

முதலாளிகள் கூட்டத்தில் எழுந்து, "நாடு முழுக்க ஒரே அடிமட்டக் கூலி வையுங்க, நாங்க குடுக்கறோம்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். என்னைப் போன்றவர்கள் சொன்னால் யூனியன் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள்.

விசாரணைக்குக் கடலூர் வருவேன். அன்றைக்கு நீங்கள் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. அத்தை போன் செய்வதைத் தடுக்காதீர்கள்.