சுந்தரத்தை ஏற்றது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படத்தில் ஜேம்ஸ் என்ற மலையாளி, பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் ஒரு தமிழ்க் கிராமத்தில் இறங்கி, அங்கே காணாமல் போன சுந்தரம் என்பவராகவே நடந்துகொள்ளத் தொடங்குகிறார். பேய்க்கதை, இரட்டை ஆளுமை என்று ஒதுக்காமல் சமூகவியல் வழியாக அணுகியது நல்ல காரியம். ஆனால் ஜேம்ஸ் தமிழ் பேசத் தொடங்கியதுமே அவர் அடையாளம் மாறிவிட்டது என்ற வாதம் எங்கள் பக்கத்தில் செல்லாது. கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் சித்தூர் வட்டத்தில் வில்லேஜ் ஆபீசில் மலையாளம், வீட்டிலும் கோயிலிலும் தமிழ். இடத்துக்கு இடம் பேச்சு மாறும், ஆள் மாறுவதில்லை. மொழி எந்தப் பங்கில் (சமூகத்தில் ஏற்கும் பாத்திரத்தில்) நிற்கிறோம் என்பதைக் காட்டும். அந்தப் பங்கு நமக்குக் கிடைத்துவிட்டதா என்பதைச் சொல்லாது. அதை முடிவுசெய்பவர்கள் எதிரே இருப்பவர்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கல் தம் மாணவர்களை அவரவர் வீட்டிலேயே 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வாடகைக்குத் தங்க வந்தவர்போல நடந்துகொள்ளச் சொன்னார். வீட்டார் திகைத்தார்கள், பதறினார்கள், கோபப்பட்டார்கள். 1967இல் அவர் நூலாக வெளியிட்ட ஆய்வுகளில் இதுவும் ஒன்று. இந்தப் படம் அதைத் தலைகீழாகச் செய்கிறது: வெளியாள் ஒருவர் வீட்டாள்போல உள்ளே நுழைகிறார். கண் தெரியாத தாய் மட்டும் அவரிடம் இயல்பாகப் பேசுகிறார். மற்றவர்கள் தயங்குகிறார்கள், விரட்டப் பார்க்கிறார்கள். இது என் ஊர் என்று அவர் ஊராரிடம் மன்றாடும் காட்சிக்கு அவ்வளவு வலு வரக் காரணம், உரிமை கோருபவரிடம் குறையேதும் இல்லை, ஏற்பவர்கள்தான் இல்லை என்பதே.

ஜேம்ஸ் நாடகக் குழு நடத்துபவர் என்பதால் கட்டுரையாளர், அன்றாட வாழ்வை மேடை நடிப்பாகப் பார்த்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மனை அவர்மேல் பொருத்திவிட்டார். காஃப்மன் சொல்லும் மேடைக்கு ஒரு பின்புறம் உண்டு, வேடத்தை இறக்கிவைக்கும் இடம் அது. அந்தக் கிராமத்தில் ஜேம்ஸுக்கு அப்படி ஓர் இடமே இல்லை. பின்புறம் இருப்பது பேருந்தில் வந்தவர்களுக்கும் ஊராருக்கும்தான்: அவர் முன்னால் ஒரு பேச்சு, தள்ளி நின்று வேறு பேச்சு. காஃப்மனை அவர்கள்மேல் வைத்துப் பார்த்தால் படம் இன்னும் நன்றாகத் திறக்கும்.

‘பங்கு முரண்பாடு’ என்ற சொல்லையும் ஜேம்ஸுக்கே கொடுத்திருப்பது தவறு. ஒரே நேரத்தில் வகிக்கும் இரண்டு அந்தஸ்துகள் (சமூக நிலைகள்) எதிரெதிராக இழுத்தால்தான் அது முரண்பாடு. சுந்தரமாக இருக்கும்போது ஜேம்ஸின் கடமைகள் அவரை இழுக்கவே இல்லை. அந்தச் சுமை முழுதும் இரண்டு மனைவியர்மேல் விழுகிறது. அதிலும் சுந்தரத்தின் மனைவி பூங்குழலியின் நிலை கொடுமை. கணவர் காணாமல் போனவர், இறந்தவர் அல்லர். பாரதிய சாட்சிய அதினியத்தின் 111ஆம் பிரிவுப்படி (2024 ஜூலைக்கு முன் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு) ஏழு ஆண்டுகள் தகவலே இல்லையென்றால்தான் இறந்ததாகக் கொள்ள இடமுண்டு. அதுவரை சுமங்கலி என்றும் சொல்ல முடியாது, கைம்பெண் என்றும் சொல்ல முடியாது. கடமைகளெல்லாம் இருக்கின்றன, அந்தஸ்துக்குப் பெயர்தான் இல்லை.

கல்லூரிகளில் இந்தப் படத்தைத் திரையிடுபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதல்முறை குறிப்பெடுக்காமல் பார்க்கட்டும். இரண்டாம்முறை ஒரு தாளில் நான்கு பத்தி போடட்டும்: காட்சி, அவர் கோரும் உறவு, ஏற்றவர், மறுத்தவர். யார் எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள், ‘நீ’யா ‘நீங்க’ளா என்பதையும் ஓரத்தில் குறிக்கலாம். கோட்பாட்டாளர் பெயர்கள் கடைசியில் வந்தால் போதும். முதலிலேயே எழுதிவிட்டால் மாணவர்கள் காட்சிக்குக் காட்சி அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டே போவார்கள், காட்சியைப் பார்க்க மாட்டார்கள். மௌனத்தை ஏற்பு என்று எழுதிவிடுவதும் அடிக்கடி நடக்கும் பிழை. அதற்குத் தனியாக ஒரு குறி வேண்டும், பூங்குழலிக்காகவே.

கட்டுரையில் அவரைப் பற்றி இரண்டே வரிகள்தான் இருந்தன. அடுத்த இதழில் அவரை மையமாக வைத்து ஒரு கட்டுரை வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சமூகவியல் ஆசிரியர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்